நன்றிக்குத் தனித்தாள்

ஜனவரி 9

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

மாமாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அந்த முழங்காலும் மாடிப்படியைக் கண்டால்தான் வலிக்கிறது, நாற்காலியைக் கண்டால் வலிப்பதில்லை. உன் வயிறு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் பசியே மறந்துபோகிறதா?

ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். சரி, கோபித்துக்கொள்வேன், ஆனால் இரண்டு நாளில் சரியாகிவிடும்.

போதை மறுவாழ்வு மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன் அல்லவா? குடியை விட்டவர்கள் எவ்வளவு தூரம் தேறியிருக்கிறார்கள் என்று அறிய வேறொரு மொழியில் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. மொத்தம் முப்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். அந்த வாக்கியம் நமக்குக் கொஞ்சமும் பொருந்தாது என்றால் ஒன்றை வட்டமிட வேண்டும், முழுக்கப் பொருந்தும் என்றால் ஐந்தை. அதைத் தமிழில் கொண்டுவருவதுதான் என் வேலை. நான் எழுதியதை, மூலத்தையே பார்க்காத இன்னொருவர் திரும்ப அந்த மொழிக்குக் கொண்டுபோவார். இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்கே கோணியிருக்கிறது என்று பார்ப்போம். அதன்பிறகு குடியை விட்ட சிலரிடம் கொடுத்து, படிக்கும்போது மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்போம்.

கேட்டால்தானே நம் லட்சணம் தெரிகிறது! 'ஓய்வு நேரத்தைப் பிடித்த விதத்தில் கழிக்கிறேன்' என்று எழுதியிருந்தேன். ஒரு தையற்காரர் படித்துவிட்டு, "ஓய்வா? அது பென்ஷன் வாங்கறவங்களுக்கு இல்லீங்களா?" என்றார். 'வேலை இல்லாத நேரத்தில்' என்று மாற்றிக் கொடுத்தேன். "வேலை இல்லைன்னா வேலை தேடிக்கிட்டுல்ல இருப்பேன்?" என்றார். அன்றைக்கு முழுக்க அந்த ஒரு வரியோடுதான் மல்லுக்கட்டினேன்.

எட்டுப் பேர் நிரப்பிவிட்டார்கள். ஒன்பதாவது ஆளாக நீ நிரப்புவாயா? தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். "சொந்தக்காரங்க வேண்டாமே, உங்களுக்காக நல்லதாப் போட்டுடுவாங்க" என்று டாக்டரம்மா இழுத்தார். "என் தம்பி என்னைக் கிண்டல் பண்ணியே வளர்ந்தவன் டாக்டர், எனக்காக முகத்துதி எல்லாம் பண்ண மாட்டான்" என்று சொல்லிச் சம்மதம் வாங்கினேன். என் மானத்தைக் காப்பாற்று.

நீ கேட்டுக்கொண்டபடி போனைத் தொடாமல்தான் இருக்கிறேன். "நீ என் பேச்சைக் கேக்கறதில்லக்கா, என் நாக்கு குழறுதான்னுதான் கேக்கற" என்று நீ சொன்னது இன்னமும் சுருக்கென்று இருக்கிறது. சொன்னது உண்மை என்பதால்தான் இருக்கும்.

மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்
அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். வயிறும் சௌக்கியம், என்னைவிட ஒழுங்காக நேரத்துக்கு வேலைக்கு வருகிறது. இந்த மாத ஆரம்பத்தில் சளிக்காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு போட்டேன், இப்போது தேவலை. மாமாவிடம் சொல், இரண்டு மாடி வீட்டுக்கெல்லாம் எங்கள் கம்பெனி லிஃப்ட் போடாது. முழங்கால்தான் ஏற வேண்டும்.

கேள்வித்தாளைப் பார்த்ததும் பள்ளிக்கூட ஞாபகம் வந்து கை வேர்த்துவிட்டது. என் அறையில் மேஜை ஏது? கருவிப் பெட்டியின் மேல் வைத்துத்தான் நிரப்பினேன். முப்பதுக்கும் ஐந்து! இந்த ஜென்மத்தில் நான் வாங்கிய முதல் நூற்றுக்கு நூறு. சட்டம் போட்டு மாட்டு.

மனதில் ஓடியதையும் எழுதச் சொன்னாயே. 'நான் வசிக்கும் இடம் எனக்கு நிம்மதி தருகிறது' என்பதைப் படிக்கும்போது மொட்டைமாடித் தொட்டி நிரம்பி ஜன்னல் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. இருந்தாலும் ஐந்து. 'என் உடம்பை நான் கவனித்துக்கொள்கிறேன்' என்ற இடத்தில் உன் முகம்தான் ஓடியது. மறுவாழ்வு இல்லத்தில் நான் இருந்த நாலு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாய். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் வந்தாய். கேட்டுக்கு வெளியே துவைத்த சட்டைப் பையை வைத்துக்கொண்டு நிற்பாய். அந்த முகத்தை நினைத்துக்கொண்டு நாலு போட எவனுக்கக்கா மனசு வரும்?

உன் தம்பி மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. "ஒரு வருஷம் முழுசா முடியட்டும், அப்புறம் வரேன்" என்று போகும்போது சொன்னாளே, அதை மறக்கவில்லை. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி ஒரு வருஷம் ஆகிறது. என் மகள், அந்த வாலு, தனியாக நாலு வரி எழுதியிருக்கிறாள். அப்பா லிஃப்டில் தன்னைப் பத்தாவது மாடிக்குக் கூட்டிப்போக வேண்டுமாம்.

உன் கண்ணாடியை மாற்றினாயா? எழுத்து வரவரப் பெரிதாகிறது.

அன்புத் தம்பி


ஜனவரி 31

என் தங்கமான ஒட்டடைக்குச்சிக்கு,

கண்ணாடியை மாற்றிவிட்டேன். புதுக் கண்ணாடியில் முதலில் பார்த்ததே உன் ஐந்துகளைத்தான். முப்பது வட்டமும் பொட்டு வைத்த மாதிரி வரிசையாக நின்றன. மாமாவுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். "போதும்டி, எனக்கும் சேர்த்துத் தெளிஞ்சிடுச்சு" என்றார். சளி முழுக்கப் போய்விட்டதா? வெந்நீர் குடி.

இருபத்தேழாவது கேள்வியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. 'எதையும் மறைக்காமல் சொல்ல எனக்கு ஒருவராவது இருக்கிறார்.' அதற்கும் ஐந்து போட்டிருக்கிறாயே! அந்த ஒருவர் யார் என்று நான் கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்துவிட்டேன், திட்டாதே. உன் மனைவிக்கு எழுதினேன். "முப்பது கேள்வி, முப்பதுக்கும் ஐந்து, நீ தைரியமாகக் கிளம்பலாம்" என்று எழுதினேன். எத்தனை வருஷம் அவளுக்குக் கெட்ட செய்தியாகவே எழுதியிருக்கிறேன்! ஒரு தடவையாவது நல்லதாக எழுத எனக்கும் ஆசை இருக்காதா?

உன்னை நினைத்தால் நெஞ்சு நிறைந்து போகிறது. நன்றாக இரு.

அக்கா


பிப்ரவரி 10

அக்காவுக்கு,

நலம். சளி போய்விட்டது. மாமாவுக்கும் உனக்கும் உடம்பு சுகம்தானே?

அவளுக்கு நீ எழுதியிருக்க வேண்டாம். நானே எழுதியிருப்பேன். பரவாயில்லை.

பதில் போட்டிருக்கிறாள். வாலுவுக்குப் பரீட்சை முடிந்ததும் பள்ளியில் டிசி வாங்கிக்கொண்டு, மருந்துக்கடை வேலையையும் விட்டுவிட்டு ஏப்ரல் இருபதாம் தேதி வருகிறார்களாம். நல்லதுதான்.

வேலை நிறைய. ஒரே கட்டடத்தில் நாலு லிஃப்ட்.

தம்பி


பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பதினெட்டாம் தேதி உன்னை நினைத்துக்கொண்டே இருந்தேன். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. வேலைதான் காரணம் என்றால் சரி. எனக்குத் தலைவலி. மூக்குக்கண்ணாடியால் அல்ல, டாக்டரம்மாவால்.

போன வாரம் என்னைக் கூப்பிட்டு ஒன்பது தாளையும் மேஜையில் பரப்பி வைத்தார். ஒன்பது பேரும் எல்லாவற்றுக்கும் ஐந்து. "இது கேள்வித்தாளா, வாழ்த்து மடலா?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். "நல்லாத் தேறினவங்க அஞ்சு போட்டா உங்களுக்கு என்ன டாக்டர் கஷ்டம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் ஒரு நாளும் குடிச்சதில்ல. 'நல்லாத் தூங்கறேன்'கிறதுக்கு என்னால மூணுக்கு மேல போட முடியாது. உங்க தம்பி மட்டும் எப்படி அஞ்சு போட்டாரு?" என்றார்.

மறுநாள் தையற்காரரைப் பிடித்தேன். உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். மனிதர் ரொம்ப நேரம் டீயை ஆற்றினார். பிறகு சொன்னார்: "நீங்க எதிர்ல உக்காந்து என் மூஞ்சியையே பாக்கறீங்க. டீ வேற வாங்கிக் குடுத்திருக்கீங்க. நான் பாட்டுக்கு ரெண்டு, மூணுன்னு போட்டா உங்களுக்கு வருத்தமா இருக்காதா? இந்த இடம் இல்லைன்னா எம்பொண்டாட்டி இந்நேரம் விதவைங்க. இதுக்குப் போயி மார்க்கைக் குறைக்க மனசு வருங்களா?"

ஆக, எட்டுப் பேரும் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. எங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தையற்காரர் மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்பதையே அன்றைக்குத்தான் சொன்னார். நான்தான் அவர் தாளில் ஐந்தைப் பார்த்துவிட்டு "பேஷ்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். 'நாலு போட எவனுக்கு மனசு வரும்' என்று எழுதியிருக்கிறாய். போன தடவை அதைப் படித்துச் சிரித்தேன்.

தம்பி, நான் எதையும் கேட்கப் போவதில்லை. புதுத் தாள் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். என்னை நினைக்காமல் நிரப்பி அனுப்பு.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை.

ஒரு மாதமாகப் பதில் இல்லை. மூன்று தடவை போனைக் கையில் எடுத்து, உனக்குக் கொடுத்த வாக்கை நினைத்து வைத்துவிட்டேன். மாமா, "பேசாம இரு, அவனுக்குத் தோணும்போது எழுதுவான்" என்கிறார். அவருக்கென்ன, முழங்காலோடு போயிற்று. நானோ தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

உன் மனைவி எழுதியிருக்கிறாள். டிசிக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டதாம். வாலு எல்லாப் பெட்டியிலும் தன் பெயரை எழுதி ஒட்டிவிட்டாளாம்.

எழுத முடியாவிட்டால் வெறும் தாளையாவது உறையில் போட்டு அனுப்பு. உன் கைதான் முகவரியை எழுதியிருக்கிறது என்ற தைரியமாவது கிடைக்கும்.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். மாமாவுக்கு என் வணக்கம்.

ஜனவரியில் எனக்குச் சளி பிடிக்கவில்லை. குடித்தேன். ஐந்து, ஆறு, ஏழாம் தேதி, மூன்று நாள்.

காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கட்டடத்தில் புது லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. முதல் சவாரி போன சந்தோஷத்தில் கட்டட முதலாளி எங்களுக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார். "எனக்குப் பழக்கம் இல்லீங்க" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பத்துப் பேர் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கருவிப் பெட்டியில் போட்டேன். ஸ்பானர்களுக்கு நடுவில் இரண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் எடுத்தேன். அது தீர்ந்த பிறகு நானே போய் இன்னொன்று வாங்கினேன். எட்டாம் தேதி காலையில் மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினேன். புதன்கிழமை, குடியை விட்டவர்களின் கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வாயே திறக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் உன் கடிதம் வந்தது. 'என் மானத்தைக் காப்பாற்று' என்று எழுதியிருந்தாய். அதே கருவிப் பெட்டியின் மேல் தாளை வைத்தேன் அக்கா. முதல் கேள்விக்கு இரண்டு போடலாம் என்று பேனாவைக் கொண்டுபோனேன். உடனே நீ கேட்டில் பையோடு நிற்கிறாய். உன்னை இன்னொரு தரம் அந்தக் கேட்டில் கொண்டுபோய் நிறுத்த மனசு வரவில்லை. ஐந்து போட்டேன். ஒன்று போட்டபின் மீதி இருபத்தொன்பதும் சுலபமாக வந்துவிட்டது.

எட்டாம் தேதியிலிருந்து தொடவில்லை. இன்றோடு எண்பத்தாறு நாள். இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

உன் கேள்வித்தாள் பற்றி ஒன்று சொல்லவா? லிஃப்டைச் சோதிக்கும்போது நாங்கள் ஆட்களை ஏற்ற மாட்டோம், இரும்பு எடைகளைத்தான் ஏற்றுவோம். ஆள் ஏறினால் பயத்தில் ஓரமாக ஒட்டிக்கொள்வான், ஆடினாலும் "பரவால்ல சார், நல்லாத்தான் போவுது" என்பான். எடைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. உள்ளபடி அழுத்தும், கயிறு தாங்குமா தாங்காதா என்று அப்போதே தெரிந்துவிடும். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கூண்டுக்குள் கிடக்கும் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துக் காலி செய்வோம். இல்லையென்றால் எது எடை, எது சாமான் என்று கணக்குத் தெரியாது.

உன்னிடம் வருகிறவர்களுக்கு நெஞ்சு நிறைய நன்றி இருக்கிறது. அதை இறக்கி வைக்க இடம் இல்லாமல் கேள்வித்தாளிலேயே இறக்குகிறார்கள். முதலில் ஒரு வெள்ளைத் தாள் கொடு. யாருக்கு என்ன நன்றி சொல்ல வேண்டுமோ அதில் சொல்லட்டும், ஒரு பக்கமோ பத்துப் பக்கமோ. அதை வாங்கி வைத்துவிட்டுக் கேள்வித்தாளைக் கொடு. எதிரில் உட்காராதே. தயவுசெய்து டீயை முடித்த பிறகு கொடு.

நிஜமான தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஐந்து மூன்றே மூன்று இடத்தில்தான் வந்தது. இருபத்தேழுக்கு ஒன்று.

அவளிடம் நானே நேரில் போய்ச் சொல்கிறேன். இந்தத் தடவை நீ எழுதாதே அக்கா. அவள் வராமல் போகலாம். பொய்யை நம்பி அவள் வந்தாள் என்றால் அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நான் அதைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

உன் தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

நீ உயிரோடு, உடம்போடு இருக்கிறாய். முதலில் அது போதும். வேளைக்குச் சாப்பிடு.

நாலு பக்கம் திட்டி எழுதினேன். நல்ல வேகத்தில் வந்தது, இரண்டு மூன்று வார்த்தைகள் எனக்கே புதுசு. மாமா வாங்கிப் படித்துவிட்டு, "இதை அனுப்பினா அடுத்த தாளும் அஞ்சாத்தான் வரும்" என்றார். கிழித்துப் போட்டேன்.

குற்றம் உன்மேல் மட்டும் இல்லை. டாக்டரம்மா வேண்டாம் என்று சொன்ன ஆளை நான்தான் அடம்பிடித்துச் சேர்த்தேன். 'என் மானத்தைக் காப்பாற்று' என்று வேடிக்கையாகத்தான் எழுதினேன். படித்தவனுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது. எத்தனையோ வருஷம் உன் நாக்கு குழறுகிறதா என்று ஒட்டுக்கேட்டேன். அதை நிறுத்தச் சொன்னாய். அப்புறம் நல்ல செய்தியை மட்டும் கேட்க ஆரம்பித்தேன். நான் கேட்டதை நீ கொடுத்தாய்.

உன் ஒன்றுகளையும் இரண்டுகளையும் இரண்டு தடவை படித்தேன். 'வேலை முடிந்து அறைக்குத் திரும்பப் பிடிக்கிறது' என்பதற்கு ஒன்று. அது எனக்குத் தெரியாது. 'என் தவறுகளுக்காக என்னை நானே மன்னித்திருக்கிறேன்' என்பதற்கு இரண்டு. அதுவும் தெரியாது. ஐந்துகளை வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட்டேன், ஆனால் உன்னைப் பற்றி ஒரு விஷயமும் தெரிந்துகொள்ளவில்லை. இந்தத் தாளில் உன்னைப் பார்த்தேன். இதை அனுப்பியதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நன்றிடா.

இருபத்தேழுக்கு ஒன்று போட்டிருக்கிறாய். ஆனால் அந்தத் தாளை எனக்குத்தானே அனுப்பினாய்? அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

வெள்ளைத் தாள் யோசனையை டாக்டரம்மாவிடம் சொன்னேன். "யாரு சொன்னா?" என்றார். "ஒன்பதாம் நம்பர்" என்றேன்.

அவளுக்கு நான் எழுதவில்லை. தைரியமாகப் போ.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். உங்களுக்கும் அண்ணனுக்கும் உடம்பு எப்படி? வாலுவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, எனக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது.

அவர் பன்னிரண்டாம் தேதி வந்தார். வாசலில் நின்றபடியே, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஜனவரியில மூணு நாள் குடிச்சேன். அக்கா உனக்கு எழுதினது நான் சொன்ன பொய்ய வச்சு" என்றார். உள்ளே வாருங்கள் என்றேன். "சொல்லிட்டுத்தான் வரணும்னு இருந்தேன்" என்றார். ஒரு மணி நேரம் நான் கத்தினேன் அண்ணி. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள், அவ்வளவு நன்றாகக் கத்தியிருக்கிறேன்.

ஊர் மாறுவதை நிறுத்திவிட்டேன். டிசி வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டேன். மருந்துக்கடையில் போய் வேலையை விடவில்லை என்று சொன்னேன், முதலாளி சிரித்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஏழு வருஷம் அவர் குடித்ததையெல்லாம் நான்தான் மோந்து பார்த்து, பையைத் துழாவிக் கண்டுபிடித்தேன். எனக்குத் தெரியாத ஒன்றை அவராக வந்து சொன்னது இதுதான் முதல் தடவை. அன்றைக்கு எனக்கு ஆத்திரத்தில் புரியவில்லை, நாலு நாள் கழித்துப் புரிந்தது. விடுமுறையில் வாலுவைப் பத்து நாள் அவரிடம் அனுப்புகிறேன். கடைசி இரண்டு நாள் நானும் போய் இருந்துவிட்டு அவளைக் கூட்டி வருவேன். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அந்த நாலு மாதமும் நீங்கள் கேட்டில் நின்றதை நானும் மறக்கவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இனிமேல் மார்க் ஷீட் மட்டும் அனுப்பாதீர்கள்.

உங்கள் தம்பி மனைவி


மே 24

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

மாமா நேற்று இரண்டு மாடியும் ஏறினார். டாக்டர் கொடுத்த மாத்திரையால் அல்ல, மேலே கைப்பேசியை மறந்து வைத்துவிட்டதால். நீ எப்படி இருக்கிறாய்? இன்றைக்கு எத்தனையாவது நாள்?

உன் யோசனைப்படி புதிதாக இருபது பேருக்கும், பழைய எட்டுப் பேருக்கும் முதலில் வெள்ளைத் தாள் கொடுத்தோம். அடேயப்பா, என்ன எழுத்து! தையற்காரர் நாலு பக்கம் எழுதினார். எங்கள் வாட்ச்மேனுக்கு ஒரு பக்கம், தன் மனைவிக்கு இரண்டு பக்கம், அவர் வளர்க்கும் நாய்க்குக்கூட அரைப் பக்கம். எழுதி முடித்துவிட்டு மூச்சு விட்டார் பார், பாரம் இறக்கிய ஆள் மாதிரி. அதன்பிறகு கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்து, தூக்கத்துக்கு ஒன்று போட்டார். இப்போது அவருக்குத் தூக்கத்துக்கான சிகிச்சை நடக்கிறது. போன வாரம் ஐந்து மணி நேரம் தூங்கினேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரம்மா தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் இது கேள்வித்தாள்" என்றார். இனி அச்சாகும் எல்லாத் தாளிலும் மேலே ஒரு வரி வருகிறது: 'உங்களுக்கு உதவியவர்களுக்கு இந்தத் தாளில் நன்றி சொல்ல வேண்டாம். அதற்குத் தனித்தாள் தந்திருக்கிறோம்.' எத்தனையோ பேர் அதைப் படிக்கப்போகிறார்கள். அது உன் வரி.

இரண்டு தாளையும் உனக்கும் வைத்திருக்கிறேன். கணக்கில் சேர்க்க அல்ல, சொந்தக்காரன் என்று உன்னைத் தள்ளிவிட்டார்கள். எனக்காகவும் வேண்டாம். தோன்றினால் நிரப்பு.

உன் அக்கா


ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நூற்று நாற்பத்தொன்பதாவது நாள். மாமாவிடம் சொல், கைப்பேசியைத் தினமும் மேலேயே மறக்கட்டும்.

வாலு பத்து நாள் இருந்தாள். பத்தாவது மாடிக்குக் கூட்டிப்போனேன். ஏறும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், இறங்கும்போது விட்டுவிட்டாள். அறையைப் பார்த்ததும், "அப்பா, மேலேர்ந்து தண்ணி கொட்டுது, சொல்ல மாட்டியா?" என்றாள். ஏறக்குறைய ஒரு வருஷமாக நான் சொல்லாமல் சகித்துக்கொண்டிருந்த தொட்டியை அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிச் சரி செய்தேன். உன் தம்பி மனைவி வந்த அன்று என் கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். நான் பார்க்கும்போதே திறந்தாள். மூடிவிட்டு, "ஸ்பானரெல்லாம் துரு பிடிச்சிருக்கு" என்றாள். கிளம்பும்போது, அடுத்த விடுமுறைக்கு முன்னாலேயே ஒரு தரம் வருகிறேன் என்றாள். நான் எதுவும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

புதன்கிழமைக் கூட்டத்தில் இப்போது முதல் வரிசையில் உட்காருகிறேன். போன வாரம் ஜனவரியைப் பற்றிப் பேசினேன்.

வெள்ளைத் தாளை முதலில் எழுதினேன். இதுதான்:

'அக்கா, பதினாறு ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றி. ஒவ்வொரு சட்டையிலும் அறுந்த பொத்தானைத் தைத்து அனுப்பினாயே, ஒருநாளும் சொன்னதில்லை, அதற்கு நன்றி. மழையன்று சட்டை நனையாமல் நீ மட்டும் நனைந்து நின்றதற்கு நன்றி. நாலு பக்கம் எழுதிக் கிழித்ததற்கு நன்றி. என் ஒன்றுகளை இரண்டு தடவை படித்ததற்கு நன்றி.'

இதை இறக்கி வைத்துவிட்டுத்தான் கேள்வித்தாளை எடுத்தேன், அதனால் நீ நம்பலாம். தூக்கத்துக்கு மூன்று. அறைக்குத் திரும்பப் பிடிப்பதற்கு இரண்டு, தொட்டி புண்ணியத்தில் ஒன்று ஏறியிருக்கிறது. மன்னிப்பதற்கு அதே இரண்டுதான், அது மெதுவாகத்தான் ஏறும்.

இருபத்தேழாவதுக்கு நாலு.

ஏன் ஐந்து இல்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய் என்று தெரியும். கடிதத்தில் யோசித்து, அடித்து, திருத்தி எழுதலாம். ஜனவரியில் நான் அப்படித்தான் தப்பித்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்கிறேன். நாக்கு குழறுகிறதா என்று நன்றாகக் கேட்டுக்கொள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கேட்டுவிட்டு மீதி ஒன்றை நீயே போட்டுக்கொள்.

உன்
ஒன்பதாம் நம்பர்